அவள் ஏன் ‘முடியாது’ என்று சொல்லவில்லை? தேவதைக் கதை நாவல்களில் எதை முதலில் கொடுப்பது

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் இரவு சிண்ட்ரெல்லா கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி பாத்திரம் தேய்க்கச் சொன்னாள், தேய்த்தாள்; அக்காமார் தலைவாரிவிடச் சொன்னார்கள், வாரிவிட்டாள் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அவ ஏம்மா முடியாதுன்னு சொல்லல?” ‘அவ நல்ல பொண்ணு, அதனாலதான்’ என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் நல்ல பெண் என்றால் யார் என்று அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தவள் ஆவேன் என்று பயமாக இருந்தது.

இப்போது அவளுக்குப் பத்து வயது. படக்கதைகளைத் தாண்டிவிட்டாள், பெரியவர்களின் நாவலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைப்பட்ட வயதுக்கு நன்றாகக் கைகொடுப்பவை, பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து முழு நாவலாக விரித்து எழுதிய புத்தகங்கள். கதையின் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளை தயங்காமல் உள்ளே போகிறது. தெரிந்த கதை தெரியாத பக்கம் திரும்பும்போது நிமிர்ந்து உட்காருகிறது.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவை ஏராளம். நான் முழுவதும் படித்து, என் மகளோடும் அக்காவின் மகனோடும் பேசிப்பார்த்த ஐந்தை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்: கெயில் கார்சன் லெவின் எழுதிய ‘எலா என்சான்டட்’, லீசல் ஷர்ட்லிஃப் எழுதிய ‘ரம்ப்’, ஆடம் கிட்விட்ஸ் எழுதிய ‘எ டேல் டார்க் அண்ட் கிரிம்’, ஷானன் ஹேல் எழுதிய ‘த கூஸ் கேர்ள்’, ஆன் உர்சு எழுதிய ‘பிரெட்கிரம்ப்ஸ்’. ஐவரும் அமெரிக்க எழுத்தாளர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கதைகள் ஐரோப்பாவின் பழைய கதைகள்.

கடையில் வயதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். இவற்றில் பெரும்பாலானவை ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் ஒன்று எட்டு வயதுப் பிள்ளையைச் சிரிக்க வைக்கும். இன்னொன்று பதினொரு வயதுப் பிள்ளையையும் தூங்கவிடாது. நான் வேறு வழியில் தேர்வு செய்கிறேன். பழைய கதைகளில் எல்லாம் ஓர் ஓட்டை இருக்கும். கதை சொல்பவர் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம். நல்ல மறுகதை அந்த ஓட்டைக்குள்தான் பிறக்கிறது. உங்கள் பிள்ளை எந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். அதுதான் முதலில் வாங்க வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சொல்லும்.

என் மகள் நிறுத்திய இடத்திலிருந்து பிறந்தது ‘எலா என்சான்டட்’. 1997இல் வந்தது; லெவினின் முதல் நாவல். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி ஹானர் விருது கிடைத்தது. சிண்ட்ரெல்லா ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்ற கேள்விக்கு லெவின் கண்டுபிடித்த விடை இது: அவளால் முடியாது. எலா பிறந்த அன்று அழுகையை நிறுத்தாமல் இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த லூசிண்டா என்ற தேவதை, ‘இனி இவள் யார் சொன்னாலும் கீழ்ப்படிவாள்’ என்று வரம் கொடுத்துவிட்டுப் போகிறாள். வரம் கொடுத்தவளுக்கு அது நல்ல வரம் என்றே நினைப்பு. ஐந்தாவது பிறந்தநாளில்தான் விஷயம் புரிகிறது. கேக் துண்டைக் கொடுத்து ‘சாப்பிடு’ என்று சமையல்காரி மேண்டி பிரியமாகச் சொல்ல, குழந்தை நிறுத்த முடியாமல் தின்றுகொண்டே இருக்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குள் ஏதோ புரண்டது. ‘சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை’ என்பதைவிடப் பெரிய பாராட்டு நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு உண்டா? திருமணப் பேச்சு வரைக்கும் அந்தச் சான்றிதழ் கூடவே வருகிறது. அதையே ஒருத்தி சாபமாகச் சுமந்தால் என்ன ஆகும் என்று இந்த நாவல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. மாற்றாந்தாயின் மூத்த மகள் ஹேட்டி ரகசியத்தை மோப்பம் பிடித்துவிடுகிறாள். ‘உன் அம்மாவின் கழுத்து மாலையைக் கொடு’ என்கிறாள்; எலா கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘அந்தத் தோழியோடு சேராதே’ என்கிறாள். அதற்குக் கீழ்ப்படிவதைவிட ஓடிப்போவது மேல் என்று எலா பள்ளியை விட்டே இரவோடு இரவாக வெளியேறுகிறாள். சாபத்தைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகளின் பாதுகாப்புக்காகத் தாய் இட்ட கட்டளையும் ஒரு பூட்டாகிவிடுகிறது. பெற்ற தாயின் அன்புக் கட்டளைகூட வாயை அடைக்கும் என்பதை ஆசிரியர் குற்றம் சொல்லாமல், அப்படியே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சாபம் எப்படி உடைகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. இளவரசன் வந்து உடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். யாரைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனுஷி தன் உடம்பே கேட்காத நிலையிலும் ‘முடியாது’ என்று சொல்லத் துணிகிறாள் என்பது அந்தக் காட்சியில் இருக்கிறது. என் மகள் அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தாள்.

குறைகளும் உண்டு. எலாவுக்கு நாவலில் பதினைந்து வயதை ஒட்டி இருக்கும். கடிதங்கள் வழியாக வளரும் காதல் புத்தகத்தின் பின்பாதியில் பெரிய இடம் எடுத்துக்கொள்கிறது. முத்தம், கல்யாணம் என்றால் முகம் சுளிக்கும் ஒன்பது வயதுப் பையனுக்கு அங்கே அலுக்கும். தாயின் மரணம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது; சமீபத்தில் அப்படி ஓர் இழப்பைக் கண்ட வீட்டில் கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம். மற்றபடி பயமுறுத்தும் ரத்தக் காட்சி இல்லை. மனிதரைத் தின்னும் ஓகர்கள் வருகிறார்கள். தேன் ஒழுகப் பேசி மயக்குவது அவர்கள் தந்திரம். மொழிகளைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் எலா, அவர்கள் பாணியிலேயே பேசி அவர்களை மடக்குகிறாள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் தனியாகப் பிடிக்கும்.

2004இல் வந்த திரைப்படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். ஆன் ஹாத்வே நடித்தது. கலகலப்பான படம்தான், ஆனால் நாவலில் இல்லாத சித்தப்பா வில்லனையும் பேசும் பாம்பையும் கொண்டுவந்து, கீழ்ப்படிதல் என்ற அந்த வலியை வேடிக்கையாக மாற்றிவிட்டது. படம் பார்த்த பிள்ளை ‘கதை தெரியும்’ என்று புத்தகத்தைத் திறக்காமலே போய்விடும். எங்கள் வீட்டில் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது.

பிறகு அவனுக்கு நான் கொடுத்தது ‘ரம்ப்’. 2013இல் வந்த இதில் எடுத்துக்கொண்ட கதை ரம்பில்ஸ்டில்ட்ஸ்கின்: வைக்கோலைத் தங்கமாக நூற்றுக் கொடுத்துவிட்டு, கூலியாக ராணியின் முதல் குழந்தையைக் கேட்கும் குள்ளன். ஜெர்மனியின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில் அவன் தோற்றுப்போய்க் கோபமாக ஓடிவிடுகிறான். பிந்தைய பதிப்புகளில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். எந்தப் பதிப்பிலும் விடை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவனுக்கு எதற்குக் குழந்தை? தங்கம் நூற்கத் தெரிந்தவன் ஏன் காட்டில் கிடக்கிறான்?

ஷர்ட்லிஃப்பின் ரம்ப் பன்னிரண்டு வயதுச் சிறுவன். பெயரில்தான் விதி இருக்கிறது என்று நம்பும் நாட்டில், பெற்ற உடனே இறந்துபோன தாய் அவன் பெயரின் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பாதிப் பெயருக்கு மாட்டின் பின்புறம் என்று பொருள். ஊர்ச் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா! தாயின் பழைய ராட்டினத்தைக் கண்டெடுத்து நூற்கத் தொடங்குகிறான். தங்கம் வருகிறது. ஆனால் அந்த மந்திரத்தில் ஒரு முடிச்சு: தங்கத்துக்கு எதிராளி என்ன தருகிறானோ அதை வாங்கியே ஆக வேண்டும். பேரம் பேச முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஊரின் மாவு மில்காரன் ஒரு பிடி தானியத்தைக் கொடுத்துவிட்டுத் தங்கச் சுருளை எடுத்துப் போகிறான். கடைசியில் அந்த மில்காரன் மகள், பதற்றத்தில், பிறக்கப்போகும் குழந்தையையே விலையாக நீட்டுகிறாள். ரம்புக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் மறுக்க அவனுக்கு வாய் இல்லை.

எலாவும் ரம்பும் அண்ணன் தங்கை போல என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது தோன்றியது. அவளால் கட்டளையை மறுக்க முடியாது, இவனால் விலையை மறுக்க முடியாது. அவள் கதை வீட்டுக்குள் நடப்பது. இவன் கதை சந்தையில் நடப்பது. கடன் வாங்கியவன் ஏன் மேலும் மேலும் சிக்குகிறான், உழைக்கிறவனிடம் ஏன் எதுவும் தங்குவதில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு எளிதாகச் சொன்ன வேறு சிறுவர் நாவலை நான் படித்ததில்லை. அக்கா மகன் பாதியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “நம்ம தெருமுனைல பழைய பேப்பர் எடுக்கறவரும் விலை சொல்ல முடியாதுல்ல?” என்று கேட்டான். நான் அப்படி யோசித்ததில்லை.

ஐந்தில் மிக எளிதான ஆங்கிலம் ‘ரம்ப்’தான். வாக்கியங்கள் சின்னவை; கழுதையும் கடிக்கும் சின்னத் தேவதைகளும் சேறு பூசிய பூதங்களும் நிறைய சிரிப்பைத் தருகின்றன. சிவப்பு மேலங்கிச் சிறுமி வேறொரு கதையிலிருந்து தோழியாக வந்து சேர்கிறாள். எட்டு வயதிலிருந்தே வாசித்துக் காட்டலாம். மொழி அழகு என்று பார்த்தால் மற்ற நான்குக்கும் கீழேதான் இது நிற்கும். நடுவில் கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. ஆனால் ‘எனக்குப் புத்தகமே பிடிக்காது’ என்று சொல்லும் பிள்ளைக்கு இதைத்தான் கொடுப்பேன்.

பெற்றோர் என்னிடம் அதிகம் தயங்கிக் கேட்பது மூன்றாவது புத்தகத்தைப் பற்றி. ‘எ டேல் டார்க் அண்ட் கிரிம்’, 2010. முதல் அத்தியாயத்திலேயே ஒரு ராஜா தன் இரண்டு பிள்ளைகளின் தலையை வெட்டுகிறான். கல்லாகிப் போன விசுவாசமான வேலைக்காரனை உயிர்ப்பிக்க அந்த ரத்தம் வேண்டியிருக்கிறது. வேலைக்காரன் உயிர் பெற்றதும் தலைகளை எடுத்துப் பொருத்த, பிள்ளைகள் எழுந்து விளையாடப் போகிறார்கள். இது கிட்விட்ஸ் கற்பித்தது இல்லை. கிரிம் சகோதரர்களின் ‘விசுவாசமான யோஹன்னஸ்’ என்ற கதையில் அப்படியே இருக்கிறது; அங்கே ‘எல்லோரும் இன்பமாக வாழ்ந்தார்கள்’ என்று முடிந்தும்விடுகிறது. கிட்விட்ஸ் அந்த இரு பிள்ளைகளுக்கும் ஹான்சல், கிரெட்டல் என்று பெயர் வைத்து, பழைய கதை கேட்காத ஒன்றைக் கேட்கிறார்: அப்பா தங்கள் தலையை வெட்டினார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால்? தெரிகிறது. அன்று இரவே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த சூனியக்காரியின் பலகார வீட்டுக்கு அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குச் சிறுத்தொண்டரும் சீராளனும் நினைவுக்கு வந்தார்கள். பாட்டி சொல்லிக் கேட்ட கதை. அடியாருக்குக் கொடுத்த வாக்குக்காகத் தகப்பனும் தாயும் பெற்ற பிள்ளையை அரிந்து சமைக்கிறார்கள். கடைசியில் வாசலில் நின்று ‘சீராளா’ என்று அழைக்க, பள்ளியிலிருந்து வருகிறவன் போல அவன் ஓடி வருகிறான். சின்ன வயதில் அந்த ஓடி வருதலில் நான் அழுதிருக்கிறேன். பக்தியின் உச்சமாகவே அதைக் கேட்டு வளர்ந்தோம். இன்றும் எனக்கு அந்தக் கதையின் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் என் மகள் ஒரு தடவை, “அந்தப் பையன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?” என்றாள். அவளுக்கு இந்த நாவல் உகந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ரத்தம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கிரெட்டல் தன் விரலை வெட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறது. அழகான வாலிபன் ஒருவன் பெண்களை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொல்லும் அத்தியாயம் புத்தகத்திலேயே கொடூரமானது. அதை மட்டும் நீங்கள் முன்கூட்டிப் படித்துவிடுங்கள். அதே சமயம், கதை சொல்லி அடிக்கடி குறுக்கே வந்து ‘சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள்’ என்று எச்சரிப்பதும், ‘பயப்படாதே, நான் இருக்கிறேன்’ என்பதுபோல் தோளில் கை வைப்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆசிரியராக வேலை பார்த்தவர் எழுதியது என்பது அந்தக் குரலிலேயே தெரிகிறது. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் இது கார்ட்டூன் தொடராகவும் வந்தது.

‘இவ்வளவு கொடூரம் எதற்கு, மென்மையாக்கிச் சொல்லலாமே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கிரிம் சகோதரர்களே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிடச் சொன்னது முதல் பதிப்பில் பெற்ற தாய். 1840இல் வந்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குத் தவறு செய்வார்கள் என்பதை ஏற்க முடியாமல், பழியைத் தூக்கி வெளியிலிருந்து வந்தவள் தலையில் வைத்தார்கள். அதனால் சித்தி என்ற சொல்லுக்கே எத்தனை வீடுகளில் கசப்பு ஏறியது! கிட்விட்ஸின் புத்தகம் பழியைத் திருப்பி உரிய இடத்தில் வைக்கிறது. பெற்றோர் தவறு செய்கிறார்கள்; பிள்ளைகள் கோபப்படுகிறார்கள்; அந்தக் கோபம் நியாயமானது என்று சொல்லப்படுகிறது. ரத்தத்தைவிட இந்த நேர்மைதான் சில பெற்றோருக்கு உறுத்தும். எனக்கு உறுத்தியது. அப்படியும் கொடுத்தேன்.

பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குப் பத்து வயதுக்கு முன் வேண்டாம். வேதாளம் முருங்கை மரம் ஏறும் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்கும் பிள்ளை என்றால் ஒன்பதிலேயே தாங்கும்.

‘த கூஸ் கேர்ள்’ இந்த வரிசையில் மெதுவானது, நீளமானது, எனக்கு மிகப் பிடித்தது. 2003. கிரிம் கதையில் இளவரசி ஒருத்தி பேசும் குதிரையோடு வேற்று நாட்டு இளவரசனை மணக்கப் புறப்படுகிறாள். வழியில் பணிப்பெண் மிரட்டி உடையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறாள். இளவரசி வாத்து மேய்க்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கப்பட்டதால், கடைசியில் ஓர் இரும்பு அடுப்பிடம் தன் கதையைச் சொல்லி அழுகிறாள். படிக்கிற பிள்ளைக்கு எரிச்சல் வரும்: நான்தான் இளவரசி என்று கத்த வேண்டியதுதானே?

ஹேல் அதற்குச் சொல்லும் காரணம் மந்திரம் இல்லை. அவருடைய ஆனி, பேசத் தெரியாத இளவரசி. தாய் ராணிக்குப் பேச்சால் கூட்டத்தைக் கட்டிப்போடும் வரம் இருக்கிறது. பணிப்பெண் செலியாவுக்கும் அது இருக்கிறது. ஆனிக்குப் பறவைகளின் பேச்சு புரியும், குதிரையின் பேச்சு புரியும். மனிதர் கூட்டத்தில் நாக்கு எழாது. தாய்க்கு மகளிடம் அது ஒரு குறை. எழுந்து நின்று பதில் சொல்லத் தெரியாததால் வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படிப்பட்ட ஒருத்தி, வாத்துகளோடும் மற்ற வேலைக்காரப் பிள்ளைகளோடும் பழகி, மெல்ல மெல்லத் தன் குரலைக் கண்டுபிடிக்கிறாள். அவள் காற்றின் மொழியைக் கற்றுக்கொள்ளும் பக்கங்களை அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

அந்த நிதானம்தான் சிக்கலும். முதல் ஐம்பது அறுபது பக்கங்கள் பொறுமையைக் கேட்கும். மொத்தம் நானூறு பக்கத்தை நெருங்கும் புத்தகம். காட்டில் காவலர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் இடம் உண்டு. குதிரைக்கு நேரும் கதி கிரிம் கதையில் உள்ளதேதான். விலங்குகள் மேல் உயிராக இருக்கும் பிள்ளை என்றால் பக்கத்தில் இருங்கள். வில்லன் ஒருவன் அவள் பின்னலைத் தொட்டுப் பேசும் விதம் பெரிய பெண்களுக்கு உடனே புரியும், சின்னவர்களுக்குப் புரியாது. பன்னிரண்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். என் மகளுக்கு நான் இன்னும் கொடுக்கவில்லை.

‘பிரெட்கிரம்ப்ஸ்’ பற்றி எழுதும்போது கொஞ்சம் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. 2011இல் வந்தது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1844இல் வெளியிட்ட பனி ராணி கதையை, பனி கொட்டும் இன்றைய அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் வைத்துச் சொல்கிறது. பழைய கதையில் கண்ணாடிச் சில்லு கண்ணில் விழுந்து மனம் உறைந்துபோன ‘காய்’ என்ற சிறுவனைத் தேடி அவன் தோழி கெர்டா போகிறாள். அவள் கண்ணீரில் அவன் இதயம் உருகுகிறது. இங்கே தோழன் ஜாக்கைத் தேடிப் போகிறவள் ஹேசல். அவள் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். அம்மாவின் நிறமும் அவள் நிறமும் வேறு. வகுப்பிலும் அவளைப் போல் யாரும் இல்லை. அப்பா பிரிந்து போய்விட்டார். பணம் போதாமல் பள்ளி மாற வேண்டியிருக்கிறது. ஜாக்கின் அம்மா மனச்சோர்வில் மூழ்கி, வீட்டுக்குள் இருந்தும் இல்லாதவளாக இருக்கிறாள்.

ஒரு நாள் காலையில் உயிர்த் தோழன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது கண்ணாடிச் சில்லின் வேலையா, அல்லது பதினொரு வயதில் பையன்களும் பெண்களும் விலகிப்போகும் சாதாரண வேலையா? நாவலின் முதல் பாதி முழுவதும் ஆசிரியர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார். தோழி ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்த யாருக்கும் இந்த இடம் பொய்யாகத் தோன்றாது. இரண்டாம் பாதியில் ஹேசல் காட்டுக்குள் நுழைந்ததும் ஆண்டர்சனின் மற்றக் கதைகளும் வழிமறிக்கின்றன: சிவப்புக் காலணிகள், தீக்குச்சி விற்கும் சிறுமி, சிறுமிகளைப் பூவாக்கி வைத்திருக்கும் தோட்டம். அந்தக் கதைகள் முன்பே தெரிந்திருந்தால் இரட்டிப்புப் பலன். தெரியாவிட்டால் இந்தப் பகுதி கோவையில்லாமல் தோன்றும். ஆகவே ஆண்டர்சனைச் சுருக்கமாகவாவது சொல்லிவிட்டு இதைக் கொடுங்கள்.

ரத்தம் இல்லை என்பதால் இது பாதுகாப்பான புத்தகம் என்று நினைக்க வேண்டாம். ஐந்திலும் மனதை அதிகம் பாரமாக்குவது இதுதான். முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதில்லை. வீட்டில் பிரிவோ, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோயோ இருந்தால், பிள்ளை தன் வீட்டைத்தான் இதில் பார்க்கும். அது சிலருக்கு மருந்து. சிலருக்குக் காயத்தைக் கிளறுவது. முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில், வகுப்பில் தன் நிறத்தில் வேறு பிள்ளை இல்லாமல் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் இதையே முதல் புத்தகமாகச் சொல்வேன். மந்திரக் காட்டுக்குள் வாளெடுத்துப் போகும் பெண் பொன்னிறக் கூந்தலோடுதான் இருப்பாள் என்று படித்துப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஹேசல் வேண்டும்.

வாசிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வில் பாதி அதில்தான் இருக்கிறது. பிள்ளை தனியாகப் படிக்கப்போகிறதா, நீங்கள் கூட உட்காரப்போகிறீர்களா? தனியாக என்றால் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் இன்னும் ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம். இந்தச் சோதனையில் ‘ரம்ப்’ எளிதாகத் தேறும், ‘எலா’வும் பெரும்பாலும் தேறும், ‘கூஸ் கேர்ள்’ பலருக்குத் தேறாது. கூட உட்காரப்போகிறீர்கள் என்றால் நாங்கள் செய்வது இது: பகலில் நான் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் படித்துக்கொள்கிறேன், இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தமிழில் சொல்கிறேன். கிட்விட்ஸின் புத்தகம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அந்தக் கதைசொல்லி குறுக்கே வரும் இடங்களில் நானே குறுக்கே வந்துவிடலாம். ‘ரம்ப்’பும் நன்றாக வரும், கதையிலுள்ள பெயர் விளையாட்டைத் தமிழில் கொண்டுவர மட்டும் திண்டாட வேண்டும். ‘கூஸ் கேர்ள்’ இப்படிச் சொன்னால் வெறும் சம்பவங்களாகச் சுருங்கிவிடுகிறது. அதன் அழகு வாக்கியத்தில் இருக்கிறது.

பழைய கதை தெரியாமல் மறுகதையைக் கொடுப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். வண்ணப்படங்களில் வரும் சிண்ட்ரெல்லா பெரும்பாலும் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் எழுதியதன் வழி வந்தவள்: பூசணி வண்டி, கண்ணாடிச் செருப்பு. கிரிம் கதையில் செருப்புக்குள் கால் நுழைவதற்காக அக்காமார் விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிப்பாருங்கள். ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு, மூன்றாவதாக ஒருவர் நாவலாகச் சொல்வதைக் கேட்கும் காது தானாக வந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? பத்து வயதைச் சுற்றியுள்ள பெண் பிள்ளைக்கும், காதல் பகுதியைப் பொறுத்துக்கொள்ளும் ஆண் பிள்ளைக்கும் ‘எலா’. வாசிப்பே வேண்டாம் என்று ஓடும் பிள்ளைக்கு ‘ரம்ப்’. ‘இது நியாயமா?’ என்று உங்களையே எதிர்த்துக் கேட்கும் பிள்ளைக்குக் கிட்விட்ஸ். அப்படிக் கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ரத்தத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். வாய் திறக்காத பிள்ளைக்குக் ‘கூஸ் கேர்ள்’, ஆனால் பன்னிரண்டு வரை பொறுத்திருங்கள். தோழமை ஒன்று அறுந்து தனியாக நிற்கும் பிள்ளைக்குப் ‘பிரெட்கிரம்ப்ஸ்’. பெண் நாயகி என்பதற்காகப் பையன்களுக்கு மறுக்காதீர்கள். அக்கா மகன் போன மாதம், படம் பார்த்து ஒதுக்கி வைத்திருந்த ‘எலா’வை அவனாகவே எடுத்தான். ஹேட்டி மாலையைப் பறிக்கும் இடத்தில் என்னைக் கூப்பிட்டு, “சித்தி, இவ சொல்லட்டும், நான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றான். அவள் சொல்லும் பக்கத்துக்கு அவனுக்கு இன்னும் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது.